தேத்தண்ணி குடிக்கப் போனவர்

இருக்கிறது மூன்று பேர். நோட்டீசில் இப்பவும்
'முரசுமோட்டை நால்வர்'.
நாலாவது ஆள் எங்கே என்று
மேடைக்குக் கீழே யாராவது கேட்டால்
தேத்தண்ணி குடிக்கப் போனவர் என்பான் வேலும்மயிலும்.
சனம் சிரிக்கும்.
பதினாறு வருசமாய் அதே பதில்.
தேத்தண்ணி ஆறியிருக்கும்.

எழுபத்தெட்டில் தொடங்கினது.
அரிசி ஆலைக்குப் பின்னால், உமி மேட்டில்,
நாலு தொண்டை, ஒரு தகர டிரம்,
கிட்டார் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட ஒரு சாமான்.
பிறகு கரண்ட் போனது, வருசக்கணக்காய்.
சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி
டைனமோவில் றேடியோ கேட்டுப் பாட்டுப் பிடித்தோம்.
பெட்டி இல்லாவிட்டால் என்ன,
நாலு குரல் ஒன்றில் ஒன்று சாய்ந்து நின்றால்
வாய்க்கால் தாண்டியும் கேட்கும்.

இப்போ பெட்டிகள் லொறியில் வருகின்றன, ஆள் உயரம்.
'அண்ணை, ரெண்டு பாட்டுப் போதும், பிறகு டீஜே.'
பூநகரியில் ஒரு சாமத்திய வீடு.
எங்கள் மெதுப் பாட்டுக்குப் பெடியள்
போன் வெளிச்சத்தைத் தூக்கி ஆட்டினாங்கள்.
கரண்ட் போட்டுது என்று நினைத்து
குணபூசணி பாட்டை நிறுத்திவிட்டாள்.
அன்றிரவு பஸ்ஸில் சொன்னாள்:
நாங்கள் அவங்கட இடத்துக்கே போவம்.

மல்லாவி. நிதுர்ஷனின் ஸ்டூடியோ.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு,
சுவருக்கு அந்தப்பக்கம் முட்டையிட்ட கோழிகள்.
காதுக்குள் டிக் டிக் என்று ஒன்று.
'இதோட போங்கோ ஐயா.'
நாற்பது வருசம் குணபூசணியின் மூச்சோடு போனவன் நான்.
அவள் தோள் உயரும், நான் நுழைவேன்.
இதுக்குத் தோள் இல்லை.
ஒன்பது தரம் விழுந்தேன்.
பத்தாம் தரம், லாண்ட்மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டேன்.
வயலில் அந்தச் சத்தத்துக்குப் பாடாத பாட்டா.
பிடிபட்டது.

பெடியன் திரையைப் பார்த்தபடி இருந்தான்.
மேலே இரண்டு கோடு, கீழே ஒன்று.
'இதில ஒரு ஓட்டை இருக்கு ஐயா.'
ஒருத்தரும் கதைக்கவில்லை.
செபமாலையின் இடம் அது.
மாத்தளனில் பங்கருக்குள்ளேயும் சுருதி சேர்த்தவன்,
கானைத் தூக்கிக்கொண்டு தண்ணிக்குப் போனவன்.
தேத்தண்ணி என்றது பிறகு.
பஸ் சீட்டில் லேஞ்சி போட்டு இடம் பிடிக்கிறமாதிரி
அந்த இடத்தை விட்டுவிட்டே
நாங்கள் பாடிப் பழகியிருந்தோம்.

'நீங்களே அதையும் பாடலாம், வேற ட்ராக்கில.
இப்ப ஒராளே நாலு பேராகலாம்.'
வேலும்மயிலும் எழும்பி வெளியே போனான்,
கோழி பார்க்க.
குணபூசணி என்னைப் பார்க்கவில்லை.
தோளை மட்டும் உயர்த்தினாள்.

என் குரல் கீழே நடந்துகொண்டிருந்தது.
அதன் மேலே அவன் ஏறுகிற படியில் ஏறினேன்.
அந்த உயரம் எனக்கு எட்டாது. உடைந்தது.
'பரவாயில்ல, திருத்திவிடலாம்.'
திருத்தாதை என்றேன்.
பிறகு யோசித்து,
கொஞ்சம் திருத்து தம்பி என்றேன்.
செபமாலை ஒருநாளும் பிசகினதில்லை.
என் பிசகு அவன் பேரில் போகக்கூடாது.

ஏழு நிமிசப் பாட்டு இப்போ மூன்று நிமிசம்.
அடியில் நெஞ்சை இடிக்கிற ஒரு டும்.
விசுவமடுச் சந்தியில் ஓட்டோ ஒன்று
அதைப் போட்டுக்கொண்டு போனது.
எண்ணினேன், நாலு.
திரும்ப எண்ணமுதல் வளைவில் மறைந்துவிட்டது.

போன கிழமை மேடையில்
யாரோ வழமைபோலக் கேட்டார்கள், நாலாவது ஆள் எங்கே?
வேலும்மயிலும் வாயைத் திறந்தான்,
மூடினான்.
சவுண்ட்காரன் லாப்டாப்பில் கை வைத்தான்.

காதுக்குள் டிக். டிக். டிக்.
நாலாவதுக்கு நுழைய வேணும்.